முதல் உலகப் போரும் அம்மாவின் பட்டுப்புடவையும்

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜிக்கு மட்டும் வாயைத் திறப்பவனே புத்திசாலி. 1968இல் எனக்கு அந்தப் புத்தி இல்லை. வரலாற்றில் எம்.ஏ. முடித்து, ஒரு கல்லூரியில் டியூட்டராகி எட்டு மாதம் ஆகியிருந்தது. (அதாவது, எல்லாம் தெரியும் என்று நம்பிய காலம்.)

பெண் பெயர் எஸ்தர். வீடு சேலையூரில். அவள் அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் சித்தப்பாவும் வரலாற்று ஆசிரியர். இதை யாராவது முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“தம்பி, முதல் உலகப் போருக்கு யார் காரணம்?” என்றார் அப்பா. நான் சம்பளத்தைக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

“அது யாரைக் கேக்கறோம்ங்கறதைப் பொறுத்தது சார். போர் முடிஞ்சதும் ஜெர்மனிதான்னாங்க. அப்புறம் எல்லாருக்கும் பங்கு உண்டுன்னாங்க. இப்ப ஒரு ஜெர்மன்காரரே பழைய ஃபைலைக் கிளறி, தப்பு எங்க மேலதாங்கறார்.”

“முப்பது வருஷமா நான் அதைத்தானே சொல்றேன்.”

“எல்லாருக்கும் பங்குன்னு தம்பி சொன்னாரே, அது உங்க காதுல விழாதாண்ணே?” என்றார் சித்தப்பா.

சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று டீப்பாயில் தட்டுகளை நகர்த்தினேன். நடுவில் கேசரி, ஜெர்மனி. இந்தப் பக்கம் பஜ்ஜி, பிரான்ஸ். அந்தப் பக்கம் மிக்சர், ரஷ்யா. (பட்டுப்புடவையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் காலை மிதித்தார். காலை இழுத்துக்கொண்டேன்.)

“ரெண்டு பக்கமும் இப்படி நெருக்கினா பயம் வராதா?” சித்தப்பா மிக்சரைத் தள்ளினார்.

“பயந்தவன் எதுக்குடா பெல்ஜியத்துக்குள்ள போறான்?” அப்பா கேசரியைத் தள்ளினார். சித்தப்பா அதைப் பிடித்து இழுத்தார். தடுக்க நானும் கை வைத்தேன். ஜெர்மனி அம்மாவின் மடியில் கவிழ்ந்தது. நெய் தாராளமாக ஊற்றிய கேசரி.

“இழுத்தது நீ.”

“தள்ளினது நீங்க.”

காபித் தட்டோடு வந்து நின்றிருந்த எஸ்தரை அப்போதுதான் பார்த்தேன். “தட்டை நடுவுல வச்சதே இவர்தான்ப்பா” என்றாள். என்னைப் பற்றி அவள் பேசிய முதல் வாக்கியம்.

தாம்பரம் ஸ்டேஷன் வரை அம்மா நெய்க்கறையை முந்தானையால் மறைத்துக்கொண்டே நடந்தார். ரயில் ஏறியதும், “உன்னைப் படிக்க வச்சது என் தப்பு” என்றார்.

மூன்று வாரம் கழித்துச் சித்தப்பாவிடமிருந்து ஆறு பக்கக் கடிதம் வந்தது. முழுக்க ரஷ்யப் படை திரட்டல். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி, ‘எஸ்தருக்குச் சம்மதம்’ என்று இருந்தது.

போன வருடம் பேத்தி கல்யாணப் பந்தியில் என் மகன், “அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ஜெர்மனி வைங்க” என்றான். பரிமாறியவர் விழித்தார். பக்கத்து இலையிலிருந்து எஸ்தர் அவருக்கு விளக்க ஆரம்பித்தாள், தட்டை நடுவில் வைத்தது யார் என்பதிலிருந்து.