மான் புகுந்த வளவு

வெள்ளைச் சேட்டுக்காரர் மழைத்தண்ணி நின்ற தேங்காய்ச் சிரட்டை ஒன்றுக்குள் டோச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிய விதம் கனகசபைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஐயா, டெங்கு நுளம்பு விசயமா வந்தனான். இது வளவோ, காடோ?"

"வளவுதான் தம்பி. கொஞ்சம் வளர்ந்திட்டுது."

கொஞ்சம் என்பது கனகசபையின் கணக்கு. வாசலில் நின்று பார்த்தால் கிணறு தெரியாது. நாயுண்ணிப் பற்றையும் தொட்டாற்சுருங்கியும் பெயர் தெரியாத கொடிகளும் கூட்டுச் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற நாளிலிருந்து, வளவைத் துப்புரவாக்குங்கோ என்று மனைவி கோணேஸ்வரி சொல்வதும், நாளைக்கு என்று இவர் சொல்வதுமாகவே காலம் போய்க்கொண்டிருந்தது.

"வாற கிழமையும் இப்பிடியே கிடந்தா, வழக்குப் போட்டு கோட்ஸுக்குத்தான் போகவேண்டி வரும் ஐயா," என்றார் வந்தவர், மிகப் பணிவாக.

வெள்ளைச் சேட்டும் பொக்கெற்றில் பேனையும் கக்கத்தில் ஹெல்மெற்றுமாக ஒருவர் வந்து நின்றால், எந்த அரசாங்கக் கந்தோர் என்று கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. கதிரை போடுவதுதான் வழக்கம். கனகசபையும் போட்டார். வந்தவர் கேளாமலே கோணேஸ்வரி சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

கனகசபைக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கள்ளனுக்கும் கசிப்புக் காய்ச்சினவனுக்கும் நடுவில் கோட்ஸ் வாங்கில் இருப்பதா? ஆயுள் முழுக்கக் கப்பல்களைக் கரை சேர்த்தவரின் மானம் இப்போது கப்பலேறப் பார்த்தது.

"கூலிக்கு ஆள் பிடிப்பமோ?"

"பென்சன் காசிலயோ?" கோணேஸ்வரி சிரித்தாள். "உங்கட கை ரெண்டும் நல்லாத்தானே கிடக்கு."

கத்தியோடு இறங்கினார். நாயுண்ணிப் பற்றையை நாலு வெட்டு வெட்டியிருப்பார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. பற்றை அப்படியே நின்றது, இவர்தான் வளைந்து போனார். எண்ணெய் பூசி மூன்று நாள் படுக்க வைத்தாள் கோணேஸ்வரி.

படுத்த படுக்கையில் கிண்ணியா ஹிஸ்புல்லாவுக்குப் போன் எடுத்தார். முன்பு ஒன்றாக வேலை செய்தவர், இப்போது ஆடு வளர்க்கிறார்.

"என்ர ஆடு கூலி கேக்காது அண்ணன், தேத்தண்ணியும் கேக்காது. காலம விட்டா பின்னேரம் வளவு வெளிச்சிரும்," என்றார் ஹிஸ்புல்லா.

ஆடுகள் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து இறங்கின. நாயுண்ணியை ஒருதரம் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிறகு கோணேஸ்வரி ஆசையாக வைத்த கறிவேப்பிலைக் கன்றைத் தின்றன. பூவரசு வேலியை இலை இல்லாமல் உருவித் தின்று, ஒரு பக்கத்தைச் சாய்த்து, அந்த வழியால் பக்கத்து வளவுக்கும் போய்வந்தன. பின்னேரம் பற்றை மட்டும் செழிப்பாக நின்றது. வேலி இருந்த இடத்தில் பக்கத்து வீட்டு சுலோஜனா நின்றாள்.

"கனகசபை அண்ணை, என்ர செவ்வரத்தைச் செடி எங்க?"

"ஆட்டுக்குள்ள, பிள்ளை."

சுலோஜனா கோபத்தோடு திரும்பிப் போனாள். ஹிஸ்புல்லாவுக்கோ நல்ல திருப்தி. "இதுகள் இவ்வளவு வயிறாரத் திண்டு நான் கண்டதில்ல அண்ணன்," என்று சொல்லி ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனார்.

விடிந்தபோது வளவுக்குள் மான்கள் நின்றன.

மான் திருகோணமலைக்காரருக்குப் புதிதல்ல. கோட்டையிலிருந்து இறங்கி வந்து பஸ் நிலையத்தில் நிற்கும், கடற்கரையில் படுக்கும், மரக்கறிக் கடைக்காரரிடம் ஏச்சும் வாங்கும். கனகசபை வீட்டுக்கு மட்டும் இதுவரை அழைப்பில்லாமல் இருந்தது. வேலி விழுந்ததும் வந்துவிட்டன. பற்றைக்குள் நிழலாகவும் மறைவாகவும் இருந்ததால் ஆறுதலாகப் படுத்துக்கொண்டன.

சட்டியைத் தட்டிக் கலைக்கப் பார்த்தார். மான்கள் அசையவில்லை, சனம்தான் வந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகிற பஸ்கள் எல்லாம் ஒழுங்கை வாசலில் நின்றுவிட்டுப் போயின. மத்தியானம் கச்சான் கடலை வண்டிக்காரர் வந்து இடம் பிடித்தார். தின்ற ஐஸ்கிறீம் கப்பும் குடித்த தேத்தண்ணிக் கப்பும் பற்றைக்குள் பறந்தன. அன்றிரவு பெய்த மழை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டது.

"ஒரு சிரட்டைக்கே கோட்ஸ் எண்டவன்," என்றார் கனகசபை, மறுநாள் காலை படியில் இருந்தபடி. "நாளைக்கு வந்து இதைக் கண்டா என்னைத் தூக்குவான். எனக்குப் பயமா இருக்குது கோணேசு."

"நீங்கள் பயந்தா புல்லுச் சாகாது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் மட்டக்களப்பு பஸ் ஒன்று வந்து நின்றது. போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் இளம் பெண் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, மானின்ட காது மட்டும்தான் தெரியுது. இந்தப் பத்தை மறைக்குது."

கனகசபை அவளைப் பார்த்தார். பற்றையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்ப பிடுங்குங்கோ பிள்ளை," என்றார்.

அவள் பிடுங்கினாள். ஒரு மானின் முகம் முழுவதாகத் தெரிந்தது. பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு பிடி பிடுங்கத் தொடங்கினார்கள். கனகசபைக்கு இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கதிரை ஒன்றில் ஏறி நின்று, துறைமுகத்தில் கப்பலைக் கரையில் கட்டும்போது போடுகிற அதே குரலைப் போட்டார்.

"இடப்பக்கம் மெதுவா. வேரோட வரோணும். நீலச் சேட்டுத் தம்பி, நாயுண்ணியைக் கையால பிடியாதையும், கத்தி அந்தா கிடக்கு. கப் பொறுக்கினவைக்குத்தான் முன்வரிசை."

ஒரு பஸ் போனது, அடுத்தது வந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. கச்சான் வண்டிக்காரரே வந்து கொடி இழுத்தார். கிணறு தெரிந்தது. கிணற்றடியில் எப்போதோ தொலைந்த வாளி தெரிந்தது. கோபத்தை மறந்து சுலோஜனாவும் விளக்குமாற்றோடு வந்துவிட்டாள். மறைவு போனதும் மான்கள் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் நடந்தன.

பின்னேர வெயில் வெறும் நிலத்தில் விழுந்து கிடந்தது. கனகசபை வளவின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எத்தனையோ பெரிய கப்பல்களைக் கரையில் கட்டியவருக்கு அன்றைக்குப் போல ஒருநாளும் நெஞ்சு நிமிரவில்லை.

மறுநாள் வெள்ளைச் சேட்டுக்காரர் வந்தார். டோச் அடிக்க ஒரு சிரட்டை கிடைக்கவில்லை.

"ஐயா, நம்ப ஏலாமல் கிடக்கு."

"ஒரு சதம் செலவில்லை தம்பி. வேலை தெரிஞ்சவன் நிண்டு செய்விச்சா எல்லாம் நடக்கும். கோட்ஸ் கதை இனி இல்லைத்தானே?"

"இல்லை ஐயா. ஒண்டுமே இல்லை."

"அப்ப இளநீர் குடிச்சிட்டுத்தான் போகோணும். இப்பதான் தென்னைக்குக் கிட்டப் போக வழி இருக்கே."

வீட்டுக்குப் பின்னால் போய், தானே இளநீர் பறித்து, தானே சீவி, செம்பில் வார்த்து எடுத்துக்கொண்டு கனகசபை நிமிர்ந்த நடையோடு வந்தார். குசினிக் கதவடியில் வெள்ளைச் சேட்டுக்காரர் கோணேஸ்வரியிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அக்கா, என்ர லீவு முடியுது, நாளைக்குப் புல்மோட்டை மணல் கம்பனி வேலைக்குத் திரும்பிடுவன். நீங்கள் சொன்ன கூரை வேலைக்கு வேற ஆரையாவது வெள்ளைச் சேட்டுப் போட்டு அனுப்பிவிடவோ?"