முன் நாலு பெட்டி

பெயர் வாயில் நுழையாத ஒரு கடைசி நிலையம்,
லண்டனுக்குத் தெற்கே.
14.10.1989, சனிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மருமகன் பாலேந்திரா அவர்களுக்கு,

மாமன் தில்லையம்பலம் எழுதிக்கொள்வது. இதை எழுதும் வரை நான் சுகம். மாமியின் சுகம் உங்களுக்குத்தான் தெரியும். அவர் இந்நேரம் உங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

பேத்தியைச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "முதல்ல நீங்கள் ஒருக்கா எங்கட வீட்டுக்கு ரயில்ல வந்து காட்டுங்கோ மாமா, பிறகு பார்ப்பம்" என்றீர்கள். பொறுத்தேன். "ரயில் நடுவழியில ரெண்டாப் பிரியும், முன் நாலு பெட்டியில ஏறுங்கோ" என்றும் சொன்னீர்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கொடிகாமத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கா பாடம்? ஆகவே விக்டோரியாவில் வேண்டுமென்றே கடைசிப் பெட்டியில் ஏறினேன். மாமியோ, "மருமகன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், நான் முன்னுக்குப் போறன்" என்று இடியப்பப் பாத்திரத்தையும் இரண்டு ரிக்கெற்றையும் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். பாதி வழியில் ஒரு நிலையத்தில் வண்டி நின்றது, ஒரு குலுக்கு குலுக்கியது, எட்டிப் பார்த்தால் முன்பாதி மாமியோடும் இடியப்பத்தோடும் தன்பாட்டில் போகிறது! நான் பச்சைக்கொடி காட்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பாதி என்னை இங்கே கொண்டுவந்து விட்டது. வாசலில் ரிக்கெற் கேட்டவரிடம், அது மனைவியிடம், மனைவி மற்றப் பாதியில் இருக்கிறார் என்றேன். முன்னால் ஏறியிருக்க வேண்டும் என்று அவரும் உங்கள் பாடத்தையே ஒப்புவித்தார். நானும் ஸ்டேஷன் மாஸ்டர்தான் என்று சொன்ன பிறகு மரியாதையாக மேடையிலிருந்த வாங்குப் பலகையில் இருத்தினார்.

இதைச் சாட்டாக வைத்துப் பேத்தியைத் தரமாட்டேன் என்று சொல்லலாம் என நினைக்காதீர்கள். வரச் சொன்னீர்கள், வந்தேன். ரயில்தான் வரவில்லை. போன் எடுத்துக் கெஞ்சுவேன் என்றும் காத்திருக்க வேண்டாம். எதிரிலேயே போன் பெட்டி இருக்கிறது, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். கடித உறையும் முத்திரையும் என் பையில் எப்போதும் உண்டு.

உங்கள் மூவருக்கும் நல்லூரான் எல்லாச் செல்வமும் தரட்டும். உங்களுக்கு மட்டும் பெரியவர்களை மதிக்கிற குணத்தையும் சேர்த்துத் தரட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத மாமன்,
வே. தில்லையம்பலம்
(ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்)

பி.கு.: இங்கே இனித் திங்கட்கிழமைதான் தபால் எடுப்பார்களாம். குளிர் வேறு. போன் எடுக்கப் போகிறேன், காரில் வந்து கூட்டிப் போங்கள். இக்கடிதம் வந்து சேரும்போது மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். இதை மட்டும் படியுங்கள்: முன் நாலு பெட்டி. பேத்தியோடு வரும்போது பின்னால் ஏறவே மாட்டேன், தம்பி.