விட்ஜெட் நோன்பு

டெப் என்னும் கைக்கணினி வைத்திருப்பவரை அதன் முகப்புத் திரையைப் பார்த்தே எடைபோட்டுவிடலாம் என்பது என் நீண்டகாலக் கருத்து. செயலிகளின் சின்னங்களை மட்டும் பாடசாலைக் காலைக்கூட்டம் போல வரிசையாக நிறுத்தி வைத்திருப்பவர் பொறுமைசாலி. எது வேண்டுமானாலும் ஒவ்வொன்றாக உள்ளே போய்த் தேடிக்கொள்வார். விட்ஜெட் வைத்திருப்பவர் என் இனம். மணி என்ன, மழை வருமா, பற்றரி எவ்வளவு, கிரிக்கெட்டில் எத்தனை விக்கெட் போய்விட்டது, எல்லாம் திரை விழித்ததுமே தெரிய வேண்டும். இந்தக் கருத்தில் எனக்கு இன்றுவரை மாற்றமில்லை. இதனால் என் ராத்தாவின் (அக்காவின்) கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது உண்மைதான். ஆனாலும் மாற்றமில்லை.

அப்போது கல்முனைப் பக்கம் தங்கிக் கணினிப் படிப்பு முடித்துவிட்டு என் ஊரான பாலாவிக்குத் திரும்பியிருந்தேன். புத்தளம் டவுனில் ஃபோன் திருத்தும் கடையொன்றில் வேலை. கையில் சொந்தமாக ஒரு டெப். பச்சை ரோபோவைச் சின்னமாகக் கொண்ட வகை. (மற்றது கடித்த பழத்தைச் சின்னமாகக் கொண்டது. நிறுவனங்களின் பேரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க நான் தயாரில்லை.) பாலாவியில் இந்த இரண்டு வகைக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பினேன். மற்றவர்களும் அதை நம்பத்தான் வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

என் முகப்புத் திரையில் சும்மா கிடந்த இடமே இல்லை. வானிலை விட்ஜெட் பெரிதாக மேலே. அது 'தெளிந்த வானம்' என்று காட்டிய ஒருநாள் உம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டார். பின்னேரம் கொட்டிய மழையில் அத்தனையும் ஊறிப்போனது.

"ஒன்ட பெட்டி பொய் செல்லுது மகன்."

"அது பொய் செல்லல்ல உம்மா. மழைதான் நேரங்கெட்ட நேரத்தில பெய்யிது."

வானிலைக்குக் கீழே என் செல்லப்பிள்ளை, தொழுகை நேர விட்ஜெட். சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கு இன்னும் இவ்வளவு நேரம் என்று குறைந்துகொண்டே வரும். நோன்பு காலப் பின்னேரத்தில் அதைவிட அழகான காட்சி கிடையாது. அது முடிந்து ஏழெட்டு நிமிடம் போன பிறகுதான் எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கும் என்பதையும் கவனித்திருந்தேன். பாங்கு சொல்லும் மோதினார் பேணுதலுக்காகச் சுணக்கிச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். ஊரோடு முரண்டு பிடிக்க வேண்டாமென்று பாங்கு வரும்வரை காத்திருந்து நோன்பு திறந்தேன். எவ்வளவு பெரிய மனது பாருங்கள்.

ராத்தாவுக்குக் கல்பிட்டியிலிருந்து சம்பந்தம் வந்தது அந்த நோன்பில்தான். மாப்பிள்ளை ரிஸ்வான், காற்றில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலில் வேலை. ராத்தாவுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கிழமை முழுவதும் சமையலறையில் பாடிக்கொண்டே திரிந்தாள். அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் கதைத்துக் கதைத்தே கரைந்து போயிருந்தன. இது போய்விடக்கூடாதே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பயம் மாப்பிள்ளையைப் பற்றியல்ல, அவருடைய தகப்பனாரான ஹாஜியாரைப் பற்றித்தான். ஹாஜியார் அவர்களூர்ப் பள்ளி நிர்வாகத்தில் மூத்தவர். சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் பிஸ்மி சொல்லித்தான் அடிப்பார். பெருநாள் பிறை கண்டதாக ஓடிவந்த சொந்த மச்சினனைக் குறுக்கு விசாரணை செய்து, கடைசியில் "நான் கண்டது பிறைதானா எண்டு எனக்கே சந்தேகமா இரிக்கி" என்று அழவைத்தவர் என்று கேள்வி. அவரையும் குடும்பத்தையும் எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க அழைத்திருந்தோம். திறந்து, தொழுது, சாப்பிட்டுவிட்டுக் கல்யாணத் தேதியைக் கதைப்பதாக ஏற்பாடு.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. முன்சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள். அதில் தொங்கிய நோன்பு நேர அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டது நான்தான்.

"அத ஏன்டா எறியிற?" என்றார் வாப்பா.

"டெப் இரிக்கக்குள்ள அட்ட எதுக்கு வாப்பா? மாப்பிள வீட்டாக்கள் எங்கள என்னெண்டு நினைப்பாங்க?"

விருந்தாளிகள் வந்தார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். ஹாஜியாரைப் பெரிய கதிரையில் உட்கார வைத்தோம். அவர் ஃபோனை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். (தொழுகை நேரத்தில் ஃபோன் கையில் இருந்தால் மனம் அதோடு போய்விடுமாம்.) ரிஸ்வான் மட்டும் கையில் ஒரு டெப்போடு வந்தார். திருப்பிப் பார்த்தேன். கடித்த பழம்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு புத்துணர்ச்சி வந்தது. நோன்பாளிக்கு அந்த நேரத்தில் வரவே கூடாத புத்துணர்ச்சி.

"மச்சான், ஒங்கட டெப்புல பின்னால போறதுக்கு என்ன செய்யணும்?"

"மேல ஒரு அம்புக்குறி வரும், அதத் தொட்டாச் சரி. சிலதில விரலால இழுக்கணும்."

"பாத்தீங்களா, ஒவ்வொண்டுலயும் ஒவ்வொரு மாதிரி! என்டதில எங்க நிண்டாலும் ஓரத்த இழுத்தா பின்னால போயிரும்."

"பின்னால போற அவசரம் எனக்கு இல்ல மச்சான்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ரோபோ வகையில் சின்னத்தை நினைத்த மூலையில் வைக்கலாம், விட்ஜெட்டை இழுத்துப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்கலாம் என்று செய்தே காட்டினேன். பழ வகையின் அழகை ஒப்புக்கொண்டேன்; எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது, எழுத்து கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அதன் விட்ஜெட் கடைக் கண்ணாடிக்குள் வைத்த பலகாரம் மாதிரி, பார்க்கலாம், தொட ஏலாது என்றேன். அவருடையது கொஞ்சம் பழைய பதிப்பு என்பதால் அதில் உண்மையும் இருந்தது.

ஹாஜியார் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுல எதுல குர்ஆன் ஓதலாம்?"

"ரெண்டுலயும்" என்றோம் ஒரே குரலில்.

"அப்ப என்னத்துக்குச் சண்ட?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. அதோடு பள்ளியின் ஒலிபெருக்கியும் போயிற்று. பள்ளி ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது ஊருக்கே தெரியும். சந்தியில் ஓடும் லொறிகளின் இரைச்சலுக்குள் மோதினார் வெறும் தொண்டையால் சொல்லும் பாங்கு எங்கள் வீட்டுக்கு எட்டாது. மேற்கே களப்புப் பக்கம் மழைமேகம் மூடியிருந்ததால் சூரியனும் தெரியவில்லை. வாப்பா பழக்கதோஷத்தில் புதுப் பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

என் வாழ்க்கையில் அப்படியொரு மேடை அதற்கு முன் கிடைத்ததில்லை. டெப்பை மேசை நடுவில் சம்சாத் தட்டில் சாய்த்து நிறுத்தி, பாங்கொலியை உச்சத்தில் வைத்தேன். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. நேரம் சரியா வந்ததும் இதுவே பாங்கு செல்லும்." எல்லோரும் திரையைப் பார்த்தபடி ஈச்சம்பழத்தைக் கையில் எடுத்தார்கள். மூன்று நிமிடம். இரண்டு.

ரிஸ்வான் தன் டெப்பைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "மச்சான், எனக்கு இன்னும் கூட நேரம் காட்டுதே."

"எவ்வளவு?"

"எட்டு நிமிஷம் கூட."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? பொறுத்துப் பார்ப்போம் என்பான். நான் சாதாரண மனிதனாக இல்லை. "அதுதான் நான் செல்ற வித்தியாசம்! ஒங்கட விட்ஜெட் தனக்கு நினைச்ச நேரந்தான் புதுப்பிக்கும். சோம்பேறி. இப்ப நீங்க பாக்கிறது பழைய கணக்கு. என்டது அப்பைக்கப்ப ஓடுற கணக்கு."

ஹாஜியார் புருவத்தை உயர்த்தினார். "தம்பிக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"இதுதான் மாமா என்ட தொழில்."

டெப் பாங்கு சொன்னது. என்ன கணீரென்ற குரல்! ஹாஜியார் பிஸ்மி சொல்லி ஈச்சம்பழத்தை வாயில் வைத்தார். வாப்பா வைத்தார். உள்ளே பெண்களுக்கும் குரல் கொடுத்தேன். கஞ்சிக் கோப்பைகள் சுற்றிவந்தன. ஹாஜியார் சம்சாவைக் கடித்து "மாஷா அல்லாஹ், கறி நல்லா இரிக்கி" என்றார். அது ராத்தா செய்தது. கதவுத் திரைக்குப் பின்னால் அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது. சொர்க்கம் இதைவிட ஒரு படி மேலே இருக்கலாம், அவ்வளவுதான்.

அப்போது கரண்ட் வந்தது. மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. பள்ளி ஒலிபெருக்கி இரண்டு முறை இருமியது. பிறகு எங்கள் மோதினார் ஆறுதலாக, எந்த அவசரமும் இல்லாமல், மஃரிப் பாங்கைத் தொடங்கினார்.

வாப்பாவின் சம்சா பாதி வாயிலும் பாதி வெளியிலும் நின்றது. ஹாஜியார் கஞ்சிக் கோப்பையை ஓசையில்லாமல் கீழே வைத்தார். ரிஸ்வான் மட்டும் பிஸ்மி சொல்லி, இவ்வளவு நேரமும் கையில் வைத்திருந்த ஈச்சம்பழத்தை அப்போதுதான் வாயில் போட்டார்.

"நீ திறக்கல்லயா?" என்றார் ஹாஜியார்.

"எனக்கு நேரம் ஆகல்ல வாப்பா."

"அத எங்களுக்குச் செல்ல ஏலாதா?"

"சென்னேன். மச்சான் என்ட டெப் சோம்பேறி எண்டாரு."

ஹாஜியார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். பிறை விசாரணைக் கண்ணாடி அதுவாகத்தான் இருக்க வேண்டும். என் டெப்பை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, நான் மாதக்கணக்காகக் கவனிக்காத ஒன்றை ஒரே பார்வையில் வாசித்தார். விட்ஜெட்டின் அடியில் எறும்பளவு எழுத்தில் ஒரு ஊரின் பெயர்.

"கல்முனை" என்றார்.

படிக்கும் காலத்தில் பற்றரியை மிச்சம் பிடிக்க, நிற்கும் ஊரைத் தானாக அறியும் இடங்காட்டியை அணைத்துவிட்டு, ஊரைக் கையால் தெரிவு செய்திருந்தேன். நான் பாலாவிக்கு வந்துவிட்டேன். டெப் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"மகன், கல்முனை எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

"பொழுது முதல்ல படுறது எங்க?"

"கிழக்கில."

"நாங்க இரிக்கிறது?"

"மேற்கில, மாமா." பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஊர்ப் பெயர இவ்வளவு சின்ன எழுத்தில போட்டது வடிவமைப்புக் கோளாறு. பழ வகையில இத நல்லாத் தெரியிற மாதிரிப் போட்டிரிக்கி." (உலகத்திலேயே மிக மோசமான நேரத்தில் நடந்த நேர்மையான ஒப்பீடு அது.)

ஹாஜியார் டெப்பை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். தொழுதோம். சாப்பாடு வந்தது. புரியாணியை எல்லோரும் சாவு விழுந்த மையத்து வீட்டில் சாப்பிடுவது போலச் சாப்பிட்டார்கள். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு "ஹாஜியார், அந்தத் தேதி விஷயம்…" என்று தொடங்கினார்.

"இண்டைக்குத் தேதி கதைக்க வேணாம்."

நான் மெல்லச் சமையலறைக்குள் நழுவினேன். ராத்தா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அவர் எட்டு நிமிஷம் எண்டு சென்னது எனக்கு இங்க கேட்டிச்சு சப்ரி. ஒனக்குப் பக்கத்தில இருந்தும் கேக்கல்லயா?" அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று முழுவதிலும் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரே இடம் அதுதான்.

வேனில் ஏறப்போன ஹாஜியார் வாசலில் நின்று திரும்பினார். "இண்டைய நோன்பு ஒருத்தருக்கும் இல்ல, இவனத் தவிர. எல்லாரும் இன்னொரு நாள் புடிச்சுக் கழாச் செய்யணும். தனித்தனியா விட்டா ஆளுக்காள் மறந்திருவம். பெருநாள் முடிய எல்லாரும் ஒரே நாள்ல புடிப்பம். எங்கட ஊட்டில திறப்பம். மகளையும் கூட்டி வாங்க. தேதிய அங்க கதைப்பம்." பிறகு என்னைப் பார்த்தார். "பாங்கு நான் செல்றன்."

வேன் சந்தியைத் தாண்டும்வரை வாப்பா கையை ஆட்டிக்கொண்டே நின்றார். உள்ளே குழாய் மூடிய சத்தம் கேட்டது.

சொன்னபடியே நடந்தது. கல்பிட்டி வீட்டு வாசலிலேயே என் டெப்பை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஹாஜியார் கடலைப் பார்த்துக் கதிரை போட்டு உட்கார்ந்து, சூரியன் முழுதாக முங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே எழுந்து பாங்கு சொன்னார். கடன் நோன்பு இல்லாத ரிஸ்வானும் ராத்தாவுக்காக அன்று நோன்பு பிடித்திருந்தார். அன்றைக்கே தேதி வைத்தார்கள். அதிலிருந்து வருஷந்தோறும், பெருநாள் முடிந்து விரும்பிப் பிடிக்கும் ஆறு நோன்பில் ஒன்றை இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் பிடிக்கிறோம். அதற்குப் பெயர் விட்ஜெட் நோன்பு. நான் எதையாவது அடித்துச் சொன்னால், அது பெற்றோல் விலையாக இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் "இது எந்த ஊர் நேரம்?" என்று கேட்காமல் விடுவதில்லை.

நான் விட்ஜெட்டை விடவில்லை. இடங்காட்டியை இப்போது அணைப்பதில்லை, அவ்வளவுதான். பேசும் வேகத்தை மட்டும் குறைக்க முடியவில்லை. என் நிக்காஹ் அன்று பள்ளியில் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு மகளை ஒப்புக்கொடுக்கும் வசனத்தைத் தொடங்கினார். எனக்கோ கண்ணும் காதும் அடைத்திருந்தது. அவர் மூச்செடுக்க நிறுத்திய இடத்தில், எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்து, பள்ளி அதிர "கபில்து" என்று ஏற்றுக்கொண்டேன்.

முன்வரிசையிலிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது. "பொறுங்க மாப்பிள. கல்முனையில முடிஞ்சிட்டு. இங்க இன்னும் பொண்ணுட பேரே செல்லல்ல."

நிக்காஹ் நடத்திய மவ்லவி சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. மாமனார் முதலிலிருந்து சொன்னார், நானும் திரும்பச் சொன்னேன். ஒரே பெண்ணை இரண்டு ஊர் நேரத்தில் கட்டியவன் என்றுதான் கல்பிட்டியில் இன்றும் என்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்கள்.