எபினேசர் தொட்டியில் ஒரு நீலக் கல்

பல் விளக்கிக்கொண்டே பார்த்தபோது, மீன்தொட்டியின் அடியில் மறுபடியும் அந்த நீலக் கல் கிடந்தது.

எபினேசருக்கு ஒன்றும் புரியவில்லை. இடுக்கில் அழுக்கு சேர்கிறதென்று போன வாரம்தான் தொட்டியிலிருந்த கற்களையெல்லாம் வாரி வெளியே கொட்டியிருந்தான். இப்போது அடியில் வெறும் கண்ணாடி. அதற்கு மேலே ஒற்றைத் தங்கமீன்.

வலையை எடுத்துக்கொண்டு வந்தான். கல்லைக் காணோம்.

"ஹெலன், தொட்டில கைய வுட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்றாள் மனைவி, தோசையைத் திருப்பியபடி.

சிப்காட்டில் ஷிப்ட் முழுக்க அவனுக்கு அதே யோசனை. கல் எப்படி வருகிறது? வந்தது எங்கே போகிறது? சாயங்காலம் தொட்டியைப் பலகையால் மூடி, மேலே அரிசிப் பையை ஏற்றி வைத்தான். பையைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டான். ஹெலன் உலை வைக்கவில்லை, பேசவும் இல்லை. விடிந்ததும் பார்த்தால், கல் சாவகாசமாகக் கிடந்தது.

மாற்றுச் சாவி இருப்பது மாடியிலிருக்கும் வீட்டுக்கார கங்கம்மாவிடம் மட்டும்தான். மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

"இன்னாப்பா, நான் ஊடு பூந்து உன் தொட்டில கல்லு போடறனா? அடுத்த மாசமே காலி பண்ணிடு."

ஹெலனுக்குப் பேச்சு வந்துவிட்டது. "மீஞ்சூர் வரைக்கும் தேடினாலும் இந்த மாதிரி ஊடு கெடைக்காது. எதனா சொல்லி சமாதானம் பண்ணிட்டு வாங்க."

எபினேசர் மாடியேறிப் போய், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நான்தான் போட்டுருக்கேன்க்கா. தூக்கத்துல எழுந்து நடக்கறேன் போலகீது. எனக்கே தெரில."

கங்கம்மா உருகிப்போனாள். வீடு தப்பியது. ஆனால் அன்றிலிருந்து, அவள் சொன்னபடி, ஹெலன் இரவில் அவன் அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். தெருவே அவனை நலம் விசாரித்தது. கம்பெனியில் மெஷின் பக்கமே விடாமல் கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். தூக்கத்தில் அப்படி எத்தனை கல் போட்டிருப்போம் என்று அவனே யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் கேன் போடும் தணிகைவேல் கேனை இறக்கிவைத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, இந்த மீனு இன்னாவோ நீலமா துப்புது, ஆள் கிட்ட வந்தா திரும்பவும் வாயில போட்டு ஒதுக்கிக்குதே, அது இன்னாண்ணே?"