சொந்தப்பாட்டு அண்ணனும் பூட்டிய பாட்டும்

ராகலையிலிருந்து கினிகத்தேனை வரை உள்ள அத்தனை மலைகளிலும், காசு கொடுத்துப் பாட்டு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் சொந்தப்பாட்டு அண்ணன்தான். யாராவது இதை மறுப்பதாக இருந்தால் ரசீதோடு வரட்டும். அண்ணனிடம் ரசீது இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்று. போனில் வந்ததை பொகவந்தலாவை பஜாரில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நூலில் கோர்த்து, ஆட்டோவின் முன்கண்ணாடிக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்.

ஒருநாள் பொலிஸ் மறித்தது. லைசன், இன்ஷூரன்ஸ் இரண்டையும் நீட்டிய அண்ணன், கேட்காமலேயே அந்த மாலையையும் கழற்றி நீட்டினார்.

"மே மொனவாத?" என்றார் பொலிஸ்காரர், இது என்ன என்று.

"சிந்து, சேர். ஒக்கோம சல்லி தீலா கத்தே." எல்லாம் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

பொலிஸ்காரர் அண்ணனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பின்னால் நெருங்கி உட்கார்ந்திருந்த எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். உடைந்த பின்விளக்கைப் பார்க்க மறந்து அனுப்பிவிட்டார்.

அந்த ஐந்து பேரும் எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் பாடசாலைக்கு ஏ.எல். என்னும் உயர்தர வகுப்பு படிக்கப் போன பெண்பிள்ளைகள். என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். எங்கள் குடும்பத்தில் புத்தகப் பையோடு வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்த வெட்கமும் கிடையாது. ஆட்டோவில் முன்பக்கம் பார்த்த ஓர சீட்டும் அந்த உரிமையில்தான் எனக்குக் கிடைத்தது.

அண்ணன் எந்தப் பாட்டையும் சும்மா போடமாட்டார். "இது போன மாசம் வாங்கினது, என் சொந்தப் பாட்டு" என்று முன்னுரை சொல்லித்தான் போடுவார். அதில் வந்த பெயர்தான் சொந்தப்பாட்டு. அவருடைய உண்மையான பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

"அண்ணே, இந்தப் பாட்ட எனக்கு அனுப்புங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாப்பா, உன் பல் வெளக்குற பிரஷ்ஷ எனக்குக் குடுப்பியா?"

"ஐயே!"

"அதே மாதிரிதான். அவங்கவங்க பாட்டு அவங்கவங்களுக்கு."

அவர் வாங்கியதெல்லாம் கொழும்பில் யாரோ நடத்திய ஒரு பாட்டுக் கடையில். போனுக்குள்ளேயே இருக்கும் கடை. அங்கே வாங்கிய பாட்டு அந்தக் கடைக்குள் மட்டும்தான் பாடும், வாங்கிய போனில் மட்டும்தான் பாடும். அண்ணனுக்கு அதில் குறையே தெரியவில்லை. "பாட்டுக்கு எவ்வளவு மரியாதை பாரு, ரூம் போட்டுக் குடுத்திருக்கான்" என்பார்.

இந்த மரியாதைதான் எங்களைச் சந்தியில் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த வருடம் வலய மட்ட நடனப் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து எட்டுப் பேர் தெரிவானோம். புதுப் பாட்டாக இருந்தால் நல்லது என்றார் டீச்சர். நான் எழுதினேன். கொழுந்து மலைக்கு விடியற்காலையில் ஏறும் பெண்கள் பனியோடு சண்டை பிடிக்கிற பாட்டு.

*பனியே பனியே ஒதுங்கிக்க – ஏழாம்
நம்பர் மலைக்குப் போகணும் ஒதுங்கிக்க*

பாடியது என் அம்மாவும் எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் மூவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வாசலில் வைத்து, அண்ணன் தன் போனில் பதிவு செய்தார். தாளத்துக்கு ஒரு தப்பு மேளம், ஒரு எவர்சில்வர் தட்டு. தூரத்தில் ஒரு நாய், அதுவும் கிட்டத்தட்டத் தாளத்தில்தான் குரைத்தது. பதிவு முடிந்து எல்லாரும் தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு அண்ணன், பாட்டுக்கு முன்னால் இருந்த பேச்சையெல்லாம் வெட்டி எறிந்து, பாட்டை மட்டும் சுத்தமாக எடுத்து வைத்தார்.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அண்ணனுக்கு ஒரு ஆசை வந்தது. எங்கள் பாட்டும் கடையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது உண்மையான பாட்டாம். ஆட்டோவில் உட்கார்ந்தே கடைக்கு ஏற்றினார். கடைசியில் போன் ஒரு கேள்வி கேட்டது: பாதுகாப்பு வேண்டுமா?

"அண்ணே, அது என்னான்னு பாத்துட்டு அமுக்குங்க" என்றேன்.

"பாதுகாப்பு வேணாம்னு உலகத்துல எவனாச்சும் சொல்லுவானா?" என்று கேட்டபடியே 'வேண்டும்' என்பதை அமுக்கிவிட்டார். அமுக்கிய சந்தோஷத்தில் போனில் இருந்த மூலப் பதிவையும் அழித்தார். "ரெண்டு எடத்துல எதுக்கு? பெட்டகத்துலயே இருக்கட்டும்."

பாட்டு கடைக்கு வந்ததும் முதல் ஆளாக அவரே அதைக் காசு கொடுத்து வாங்கினார். ரசீது முருகனுக்கு மிக அருகில் போனது. எங்கள் லயத்துக்கு வந்து எங்களையும் வாங்கச் சொன்னார்.

"எங்கம்மா பாடினத நான் காசு குடுத்து வாங்கணுமா?"

"உங்கம்மா பாடினதுனாலதான் பாப்பா காசு குடுக்கணும். சும்மா கெடைச்சா மரியாதை இருக்குமா?"

அம்மா பக்கத்தில் விறகை ஊதிக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அம்மா ஒன்றும் பேசாவிட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத்தான் அன்று அது உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். ஒரு காலை நாங்கள் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஹட்டனுக்குப் போகும் தனியார் பஸ் எங்களைக் கடந்தது. அதன் ஜன்னல்கள் வழியாக என் அம்மாவின் குரல் ரோட்டில் கொட்டியது. *பனியே பனியே ஒதுங்கிக்க!*

எங்கள் ஐந்து பேருக்கும் தலைகால் புரியவில்லை. கத்தினோம், கைதட்டினோம். அண்ணனுக்கு மட்டும் முகம் கறுத்தது.

"திருட்டுப் பாட்டு!"

ஆட்டோ அதுவரை போகாத வேகத்தில் பாய்ந்தது. இரண்டு வளைவுகளில் நான் ஆட்டோவுக்கு வெளியேதான் பயணம் செய்தேன். மூன்றாவது வளைவில் பஸ்ஸுக்குக் குறுக்கே ஆட்டோவை நிறுத்திவிட்டு அண்ணன் குதித்து இறங்கினார்.

அதன் சிங்கள டிரைவர் சுனில், என்ன அண்ணே என்று கேட்டுத் தலையை வெளியே நீட்டினான். "மொகத அய்யே, அக்சிடன்ட்டா?"

"அந்தப் பாட்டு எங்க புடிச்ச? ரசீது இருக்கா?"

"பாட்டுக்கு ரசீதா? பென் டிரைவ்ல யாரோ போட்டுக் குடுத்தது. எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் அய்யே. ஆனா காலையில இதப் போட்டா பஸ் தானா மேட்டுல ஏறுது."

"கள்ளன்! அழி இப்பவே!"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள், "ஐயா, வேலைக்கு நேரமாகுது, ரெண்டு பேரும் பாடிக்கிட்டே சண்டை போடுங்க" என்றார்கள். சுனில் அண்ணனின் கண்முன்னாலேயே பாட்டை அழித்தான். அண்ணன் வெற்றியோடு திரும்பினார். ஆனால் பாட்டு எப்படி வெளியே போனது என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. பெட்டகத்தில் இருக்கிற பாட்டு பஸ்ஸில் எப்படி ஏறும்?

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஓயாவில் ஆட்டோ கழுவிய அண்ணன் தன் போனையும் சேர்த்துக் கழுவி ஆற்றோடு விட்டுவிட்டார். புதுப் போன் வாங்கினார். "ரசீது இருக்கு, பயமே இல்ல" என்றார். ரசீது நம்பரைக் கொடுத்து, பஜார் அச்சுக்கடைக் கம்ப்யூட்டரில் பாட்டை ஒரு பென்னில் இறக்கி, துணியில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போட்டுப் பார்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதைச் சோதிப்பது அவருக்கு அவமானம். அந்த வாரம் டீச்சரின் கைதட்டலுக்கே ஆடிப் பழகினோம்.

போட்டி ஹட்டனில், ஒரு பெரிய பாடசாலை மண்டபத்தில் நடந்தது. எட்டுப் பேரும் முகத்தில் சாயம், தலையில் மழைக்குப் போடும் கொங்காணி, முதுகில் கூடை. எங்களுக்கு முன்னால் நான்கு குழுக்கள். ஒலிபெருக்கிக்காரர் பென்னைச் செருகினார். திரையைப் பார்த்தார். மறுபடியும் செருகினார்.

"பேரு காட்டுது, சைஸ் காட்டுது, பாட்டத்தான் காணோம்" என்றார்.

அண்ணன் சிரித்தார். "பூட்டியிருக்குங்க. பாதுகாப்பு."

"நல்லதுங்க. தெறந்து குடுங்க."

அப்போதுதான் அண்ணனின் சிரிப்பு நின்றது. புதுப் போனில் கடையைத் திறந்தார். *இந்தக் கணக்கு வேறொரு போனுக்குரியது. முப்பது நாட்களுக்குப் பின் முயலவும்.* அந்த வேறொரு போன் ஓயாவோடு போய்க் கடலில் சேர்ந்திருக்கும். அண்ணன் ஆட்டோவுக்கு ஓடி, ரசீதைக் கொண்டுவந்து ஒலிபெருக்கிக்காரரிடம் நீட்டினார். அந்த நல்ல மனிதர் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதுல ஊசி போட்டா பாடாதுங்களே" என்றார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பாட்டு இல்லேன்னா பேர வெட்டிருவாங்க" என்றார். ஏழு பிள்ளைகள் சாயம் கலையக் கலைய அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் எழுத்து, என் அம்மாவின் குரல். ஹட்டன் மண்டபத்தில் கேட்க வேண்டியது. வாங்கினவருக்கும் இல்லை, பாடினவருக்கும் இல்லை, எழுதினவளுக்கும் இல்லை.

"அண்ணே, சுனில் பஸ் இப்ப ஸ்டாண்ட்ல நிக்கும்" என்றேன்.

"அவன் அழிச்சிட்டானே பாப்பா. நாந்தானே அழிக்க வச்சேன்."

"எடுங்க ஆட்டோவ!"

ஹட்டன் டவுன் நடுவே, முதுகில் கூடையும் முகத்தில் பவுடருமாக நான் ஆட்டோவில் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் டிரைவர் கதவடியில் போய் நின்றார்.

"சுனில் மல்லி... தம்பி... அந்தத் திருட்டுப் பாட்டு..."

"அழிச்சேன் அய்யே! சத்தியமா அழிச்சேன்!" சுனில் இரண்டு கைகளையும் தூக்கினான். "ஆனா மறுநாளே பெசஞ்சர் ஒராள் திருப்பிப் போட்டுக் குடுத்தாங்க. அதையும் அழிச்சேன். இன்னொராள் குடுத்தாங்க. மூணாந்தரம் எனக்குக் கை வலிச்சிச்சு, விட்டுட்டேன்."

அண்ணன் அவனை பஸ்ஸிலிருந்து இழுத்துக் கட்டிப்பிடித்தார். "கள்ளப்பயலே, நல்லா இருப்படா!"

பென்னோடு நாங்கள் மண்டபத்துக்குள் நுழையவும் எங்கள் பெயரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. எட்டுப் பேரும் மேடையில் கொழுந்து பறிக்கிற பாவனையில் உறைந்து நின்றோம். திரை விலகியது. சுனிலின் பென்னில் இருந்த முதல் பாட்டு முழங்கியது. சிங்கள ஆட்டப் பாட்டான பைலா! மண்டபமே துள்ளியது. நாங்கள் துள்ளாமல் நின்றோம், அதுதான் அன்று நாங்கள் செய்த மிகக் கடினமான நடனம். ஒலிபெருக்கிக்காரர் பதறிப்போய் அடுத்ததை அமுக்கினார்.

பாட்டு வரவில்லை. பேச்சு வந்தது.

"ரெக்கோட் ஆகுதா தம்பி?"

என் அம்மா.

"ஆகுதுக்கா, பாடுங்க." இது அண்ணன்.

"இருங்க, அவசரப்படாதீங்க. இது எம்புள்ள எழுதுனது. எங்க குடும்பத்துலயே மொத மொத பள்ளிக்கூடம் போன புள்ள. பாத்து, கவனமாப் புடிங்க."

"புடிக்கிறேங்க்கா. நீங்க பாடுங்க."

பிறகு தட்டு, தப்பு, நாய், நான்கு பெண்களின் குரல். அன்று நாங்கள் ஆடியது போல அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. முதலிடம்.

அது அண்ணன் வெட்டி எறிந்த பகுதி. வெட்டாத பதிவு வெளியே எப்படிப் போயிருக்கும்? அன்று பின்னேரம் கேடயத்தோடு லயத்துக்கு வந்தபோது அண்ணன் அம்மாவிடம் அதைத்தான் கேட்டார்.

"நாந்தான் எடுத்தேன்" என்றார் அம்மா. "அன்னைக்கு நீங்க தேத்தண்ணி குடிக்கிறப்பவே, உங்க போன்லருந்து எம்போனுக்கு அனுப்பிட்டேன். மலையில எல்லாரும் கேட்டாங்க, குடுத்தேன். கொழுந்து லொறிக்காரத் தம்பி கேட்டுச்சு, அதுக்கும் குடுத்தேன்."

"உங்களுக்கு எழுத்தே தெரியாதேக்கா!"

"படம் தெரியுமே! ஏன் தம்பி, எங்கொரல நாலு பேருக்குக் குடுக்க நான் யாருகிட்ட ரசீது வாங்கணும்?"

அண்ணன் தேத்தண்ணீரை முழுவதும் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கும் ஒண்ணு அனுப்புங்கக்கா" என்றார்.

சில மாதங்களில் அந்தப் பாட்டுக் கடையே இழுத்து மூடப்பட்டது. அண்ணன் வாங்கிய பாட்டுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரசீதுகள் மட்டும் முருகனுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன. இனி மனிதர் காசு கொடுத்துப் பாட்டு வாங்கமாட்டார் என்று பஜாரே பேசிக்கொண்டது. அண்ணனை அவர்களுக்குத் தெரியாது. பூட்டில்லாமல் விற்கிறவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் வாங்கத் தொடங்கினார். இப்போது வாங்கினதும் பென்னில் ஏற்றி, முதலில் ஆட்டோவில் போடுவார், அடுத்து சுனிலின் பஸ்ஸில், கடைசியாக என் அம்மாவின் போனில். மூன்றிலும் பாடினால்தான் ரசீது முருகனிடம் போகும். "பாடினவங்களுக்குக் காசு போகணும், அதுல மாத்தமில்ல. ஆனா பூட்டு அவன் கடைக் கதவுல இருக்கட்டும், எம்பாட்டுல வேணாம்" என்பார்.

நான் கெம்பஸுக்குப் புறப்பட்ட காலையில், ஹட்டன் ஸ்டேஷன்வரை கூலி வாங்காமல் கொண்டுவந்து விட்டார். "உம்பாட்ட எத்தன தரம் போட்டிருக்கேன், கணக்குச் சரியாப்போச்சு" என்றார். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு பென்னைத் திணித்தார். ஹொஸ்டலில் போட்டுப் பார்த்தேன். ஒரே பாட்டு, பத்துத் தரம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். எதிலும் ஒரு வரிகூட வெட்டப்படவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். சில இரவுகளில் எனக்குப் பாட்டு வேண்டியிருக்காது, அதற்கு முன்னால் வரும் அந்தப் பேச்சு மட்டும் போதும். "கவனமாப் புடிங்க" என்கிறார் அம்மா. "புடிக்கிறேங்க்கா" என்கிறார் அண்ணன்.

கவனமாகத்தான் பிடித்திருக்கிறார்.