நவாப் குதிரை தண்ணி குடிச்ச ஊடு

நாட்டுல சரித்திரம் ரொம்ப வீணாப் போவுதுன்னு ஒரு இலாகா கண்டுபுடிச்சுது. பள்ளிப்பட்டு பக்கம் கலியன் ஊட்டுத் தொட்டியில எப்பவோ ஒரு நவாப்போட குதிரை தண்ணி குடிச்சதாம். நவாப் கீழ எறங்கக்கூட இல்ல. ஆனாலும் குதிரை குடிச்சது குடிச்சதுதானே? அன்னையிலேந்து அந்தப் பண்ணை ஊடு 'சரித்திரப் புகழ் வாய்ந்த விருந்தினர் இல்லம்'. வெளிநாட்டுக்காரங்க ராத்திரி தங்கலாம், காலையில நாஷ்டா உண்டு.

மொதல்ல ஒருத்தன் தங்கிப் பார்க்கணுமே? டெம்பரவரி குமாஸ்தா சுப்பராயன் மாட்டினான். பொதட்டூர்பேட்டையில அப்பன் கழனியில, நடவுக்கு முன்னாடி எருவுக்காக சேத்துல தழை மிதிக்க பயந்துகினுதான் அவன் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சு இந்த வேலைக்கே வந்தான்.

"திட்டம் தேறிச்சுன்னா உன் வேலை பர்மனென்ட்"னாரு ஆபீசர் ஸம்பத்குமார். "ஆனா விருந்தாளி அவ்வில்லத்தில் ஒருவராகவே நடத்தப்படல் வேண்டும். கலியன்கிட்டயும் கண்டிப்பா சொல்லியிருக்கேன்."

டெரிலின் சட்டையும் ஹோல்டாலுமா சுப்பராயன் போய் எறங்கினான். "வாங்க சார், குந்துங்க சார்"னு கலியனும் சம்சாரம் குணசுந்தரியும் தொட்டியக் காட்டினாங்க. "ஆஹா!"ன்னான். அவன் அப்பன் ஊட்டுலயும் அதே மாதிரி தொட்டிதான். அதுல எருமை குடிக்கறதால சரித்திரம் ஏறல.

விடியக்காலம் யாரோ போர்வைய உருவினாங்க.

"டேய் சுப்பராயா, எழுந்திருடா!"

"இன்னாய்யா, டா போடுற?"

"ஊட்டுல ஒருத்தனா நடத்தணும்னு ஆபீசர் சொல்லிகிறாரே"ன்னான் கலியன். "நம்ப ஊட்டுல இப்டித்தான் எழுப்புவோம்."

"சரி, நாஷ்டா?"

"தழை மிதிக்காம இந்த ஊட்டுல எவனுக்கும் நாஷ்டா இல்ல"ன்னா குணசுந்தரி. "இவருக்கே இல்ல."

"உங்க புள்ள பச்சையப்பன் மிதிக்கலையா?"

"அவனா! சேத்துல கால் வெக்க மாட்டானாம். கும்மிடிப்பூண்டியில கம்பெனி வருதுன்னு பேண்ட் போட்டுக்கினு சுத்தினுகிறான்."

பர்மனென்ட்டை நெனைச்சுக்கினு சுப்பராயன் பேண்ட்டை மடிச்சு உட்டான். மூளை மறந்தாலும் காலு மறக்கல.

"படிச்சவன்னு பார்த்தா ஷோக்கா மிதிக்கிறியேடா!"ன்னு கலியன் மெச்சினான். வாழ்க்கையில சுப்பராயனுக்குக் கெடைச்ச மொத சர்டிபிகேட் அது. நாஷ்டா கேவுரு கூழு, வெங்காயம்.

'ஐயத்துக்கு இடமின்றி அவ்வில்லத்தில் ஒருவனாகவே நடத்தப்பட்டேன்'னு ரிப்போர்ட் எழுதினான். உண்மைதானே?

திட்டம் தேறிச்சு. வெளிநாட்டுக்காரங்கதான் வரல.

"இல்லம் காலியா கெடந்தா திட்டத்துக்குக் கெட்ட பேரு"ன்னாரு ஸம்பத்குமார். "அதனால 'நிரந்தர விருந்தாளி'ன்னு ஒரு போஸ்ட் போட்டாச்சு. உன்னை உட்டா அனுபவஸ்தன் யாரு? சந்தோஷம்தானே? பர்மனென்ட்!"

அடுத்த நடவுல கலியனும் சுப்பராயனும் முட்டி வரைக்கும் சேத்துல நிக்கும்போது கலியன் கேட்டான்: "ரெண்டாவது விருந்தாளி எடுக்கறாங்களாமே? நம்ப பச்சையப்பன் அப்ளிகேஷன் போட்டுகிறான். ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"சேத்துல கால் வெக்க மாட்டான்னியே?"

"அது ஊட்டு வேலையா இருந்தப்போ. இப்ப கவர்மென்ட் வேலையாச்சே!"

சுப்பராயன் இன்னும் வேகமா மிதிச்சான். காலியா இருக்கறது ஒரே போஸ்ட். அதுக்கு அவன் அப்பன், பொதட்டூர்பேட்டை கழனியத் தரிசாப் போட்டுட்டு, ஏற்கெனவே அப்ளிகேஷன் போட்டிருந்தாரு.