வெள்ளைப் பாதையில் கருப்புப் பெயர்

அடி அண்ணாமலை,
ஆனி 22, ஞாயிறு காலை

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மாமா தசரதன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் சகாதேவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் வினோதினி மூவரும் அண்ணாமலையார் புண்ணியத்தில் சுகம். அங்கே தாங்களும், போட்ட வேர்க்கடலையும், கன்று ஈன்ற பசுவும், அடிக்கடி மக்கர் செய்யும் மோட்டாரும் சுகம்தானா என்று அறிய ஆசைப்படுகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காவின் காலைப் பற்றிக் கேட்காமல் விட்டானே என்று நினைக்க வேண்டாம். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே எழுதியதில் மோட்டார் வரைக்கும் போய்விட்டேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் சிரிக்கலாம். வேறு வழியில்லை மாமா. உங்கள் நம்பருக்கு அடித்தால் அக்கா எடுக்கிறது, அலோ என்கிறது, நான் மூச்சு விடுகிறேன், மூச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து வைத்துவிடுகிறது. ஒருமுறை மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தேன். ‘மூச்சுகூட விடாம இருக்கான் பாரு’ என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தது. ஐம்பத்தெட்டு நாளாக இதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. ஆவணியில் வினோதினிக்குக் கல்யாணம். அத்தை வராமல் பந்தக்கால் நட மாட்டேன் என்று அவளும் அவள் அம்மாவும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் எனக்கு அக்கா இல்லாமல் அந்தக் கல்யாணம் ஓடாது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நல்ல நேரம் பார்த்து அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நம் ஊர் மாரியம்மன் கோயில் முற்றம் முழுக்கக் கருங்கல் என்பது தங்களுக்குத் தெரியும். அக்கினி நட்சத்திரத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு அதில் கால் வைத்தால் பக்தி தலைக்கு ஏறுவதற்குள் சூடு ஏறிவிடும். போன வருஷம் கூழ் வார்த்தலன்று கூழ்க்குடத்தோடு ஓடிய பெண்கள் பாதிக் கூழைத் தங்கள் தலையிலேயே வார்த்துக்கொண்டார்கள். நான் முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். ஒரு டின்னுக்குக் கருப்பு, இன்னொரு டின்னுக்கு வெள்ளை அடித்து, இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் வைத்து, அரை மணி கழித்து வெப்பமானியைப் போட்டுக் காட்டுவேன். கருப்பு வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், வெள்ளை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும் என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். அதனால்தான் வாசலிலிருந்து கொடிமரம் வரைக்கும் நாலடி அகலத்துக்கு என் செலவில் கூலிங் பெயிண்ட் அடித்து ஒரு வெள்ளைப் பாதை போட்டுக் கொடுத்தேன். மாமா, அது பிரமாதமாக வேலை செய்தது, அதையாவது நம்புங்கள். பக்கத்துக் கல்லில் அப்பளம் பொரிக்கலாம், வெள்ளையில் குழந்தையைத் தவழ விடலாம். மூன்று நாள் ஊர் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. தெரு நாய்களெல்லாம் மர நிழலை விட்டுவிட்டு அந்தப் பாதையில் வந்து படுத்துக்கொண்டன. அத்தோடு பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கடிதமும் இல்லை, இந்தக் கண்ணீரும் இல்லை.

ஆனால் அங்கே இளவரசன் கொடுத்த தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே. ரைஸ்மில் இளவரசன்தான், தங்களுக்குத் தெரியும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, அவன் பெயர் கிரிவலப் பாதையில் போகிறவனுக்கும் தெரிகிற அளவுக்கு இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து என் மனசில் ஒரு சின்ன ஆசை. பெயிண்டர் முருகவேலைக் கூப்பிட்டு, பாதையின் நீளவாக்கில், மூன்றடி உயர எழுத்தில், ‘உபயம் ம. சகாதேவன் எம்.எஸ்சி., பி.எட்., ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அடி அண்ணாமலை’ என்று எழுதச் சொன்னேன். என்ன கலர் என்றான். வெள்ளைக்குக் கருப்புதான் எடுப்பு என்றேன். முருகவேல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், அந்த டின்களுக்குப் பெயிண்ட் அடித்ததே அவன்தான். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

“சார், கருப்பு சூட்ட இழுக்குமே. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

“அது டின்னுக்குடா,” என்றேன் மாமா. நான்தான் சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன். அப்புறமும் அவன் விடாமல், மஞ்சளில் எழுதினால் சூடு கம்மியாக இருக்கும் என்றான். மஞ்சள் தூரத்துக்குத் தெரியாது என்று அடித்துப் பேசிவிட்டேன். இன்றைக்கும் அவனை ரோட்டில் பார்த்தால் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இந்த வருஷம் கூழ் வார்த்தலன்று நடந்தது தாங்கள் பாதி பார்த்திருப்பீர்கள், மீதி நான் சொல்கிறேன். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பரிவட்டம் கட்டி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் கொடிமரத்தடியில் எழுத்தில்லாத வெள்ளையில் நின்றுகொண்டு, நிறத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எதிரே பாதை நெடுக சனங்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒரு காலைத் தூக்குவதும் மறு காலைத் தூக்குவதுமாக இருந்தார்கள். எனக்கு அது அருள் வந்த மாதிரி தெரிந்தது. நம் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று சந்தோஷப்பட்டு இன்னும் பத்து நிமிஷம் நீட்டினேன். கருப்பு நிறம் எவ்வளவு ஆபத்தானது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, என் எம்.எஸ்சி.யில் நின்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள், பி.எட்.டில் நின்றவர்கள் குதித்தார்கள். ‘ஓய்வு பெற்ற’ என்கிற இடத்தில் ஒரு ஆள்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில்தான் அக்காவும் தாங்களும் வந்தீர்கள், சாமி கும்பிட்டீர்கள், கூழ் வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனீர்கள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. நன்றாகத்தான் நடந்து போயிற்று.

சாயங்காலம் வரைக்கும் ஊர் என்னை வைத்துச் சிரித்தது. தலைமை ஆசிரியர் பாதையில் தலைகீழாக நடந்தால்தான் சுடாதாம், இளவரசன் சொன்னது. அந்த எரிச்சலோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தங்கள் போன் வந்தது. அக்காவின் இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துத் தோல் உரிந்துவிட்டது, சர்க்கரை உள்ள கால் என்பதால் சூடே தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றீர்கள். நான் பதறியிருக்க வேண்டும். அதற்கு முன்னால்தான் இளவரசன், உங்க அக்கா அந்த எழுத்துப் பக்கந்தான் நின்னுச்சு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஊரெல்லாம் சிரித்த கோபத்தை எடுத்து அக்காவின் மேல் போட்டேன்.

“ஊரே தாண்டிக் குதிச்சுப் போவுது, அது மட்டும் இன்னாத்துக்கு என் பேரு மேல போயி நின்னுச்சு? என் பேர மிதிச்சா கால் வேவத்தான் செய்யும்.”

தாங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத வந்தேன், எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் அக்கா, இனிமேல் அந்த ஊரில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னதாகத் தாங்கள் சொன்னீர்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் பயமுறுத்திய அந்தப் பத்து நாளும் நான் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டு தடவை வந்தேன் மாமா. உள்ளே வரத் தைரியமில்லாமல், டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆக, நெடுநாள் வாத்தியாராக இருந்த பழக்கத்தில் இந்த விவகாரத்துக்கும் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். தப்பில் நூற்றுக்கு எண்பது என்னுடையது, சந்தேகமே இல்லை. மீதி இருபது மட்டும் அக்காவுக்கு. சின்ன வயசிலிருந்தே அக்காவுக்கு ஒரு வீம்பு உண்டு என்பதைத் தாங்களும் மறுக்க மாட்டீர்கள். எல்லாரும் துள்ளும்போது தானும் துள்ளினால் கௌரவக் குறைச்சல் என்று நின்றிருக்கும். போகட்டும், நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. என் பங்குக்குப் பட்டங்களையெல்லாம் வெள்ளையடித்து மறைத்துவிட்டேன். பெயரை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாரையும் சுடுவதில்லை. அக்கா ஒரே ஒரு வார்த்தை, ‘சரி விடுடா’ என்று சொல்லிவிட்டால், பெயரையும் எடுத்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வருவதுதானே நியாயம்.

பந்தக்காலுக்கு அக்கா வர வேண்டும், அத்தை கை பட்ட மஞ்சள்தான் வினோதினிக்குப் பூச வேண்டும். அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும், பசுவுக்கு என் பேரில் ஒரு கை புல்லையும் கொடுங்கள்.

என்றும் தங்கள் அன்புக்கு ஏங்கும்,
சகாதேவன்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். இப்போது மணி ஒன்றரை. உறை வாங்கப் போகிற வழியில் கோயில் வாசலில் பூ விற்கிற ஜோதியம்மாளைப் பார்த்தேன். மகள் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாசம் கழித்து நேற்றுத்தான் ஊருக்கு வந்தாளாம். அக்கா கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். என் பெயரை மிதித்து வந்த வினை, என்ன செய்வது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“அதுவா மிதிச்சுது? எழுத்து மேல கால் படக்கூடாதுன்னு கல்லுல எறங்கி நடந்துச்சு சார். சுடும்க்கா, வெள்ளையில நடன்னேன். தம்பி பேரு எழுதியிருக்கே, அத எப்படிம்மா மிதிக்கறதுன்னுச்சு.”

வாசலில் இறங்கி, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எழுத்து முடிகிற வரைக்கும் பாதைக்குப் பக்கத்திலேயே கருங்கல்லில் நடந்து, அப்புறம்தான் வெள்ளையில் ஏறிற்றாம். அவசரமே படவில்லையாம். தாங்கள் கூட்டத்தோடு முன்னால் போய்விட்டதால் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதே கல்லில் நடந்து பார்த்தேன் மாமா. சகாதேவன் என்கிற பெயர் நாலு எட்டில் முடிந்துவிடுகிறது. பட்டம், பதவி, ஊர் எல்லாம் சேர்த்து நான் எழுதி வைத்திருந்தது இருபத்திரண்டு எட்டு. ஒன்பதாவது எட்டில் நான் குதித்துவிட்டேன். அக்கா இருபத்திரண்டும் நடந்திருக்கிறது.

கடிதத்தை முருகவேலிடம் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கும் கால் கொப்பளித்துவிட்டது, செருப்பு போட முடிந்ததும் நானே வருகிறேன். அக்கா பேச வேண்டாம், கதவை மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.